தாய் ப்ராசஸ், சேய் ப்ராசஸ், நடுவே ஒரு ஜெராக்ஸ் காப்பி

ஒரு வேலையைப் படிப்படியாகப் படம் வரைந்து கொடுத்தால், அந்தப் படத்தையே எடுத்து ஓட்டுகிற மென்பொருளுக்கு ஒர்க்ஃப்ளோ இன்ஜின் என்று பெயர். படத்தை எப்படி வரைய வேண்டும் என்பதற்கு பிபிஎம்என் என்று ஒரு தரம் உண்டு. அதன் 2.0 பதிப்பு 2011-ல் வந்தது. கேமுண்டா, ஃப்ளோவபிள் எல்லாம் இந்தத் தரத்தைப் பின்பற்றுகிற இன்ஜின்கள்.

வங்கிக் கடன் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் வாங்குவது, ஆவணம் சரிபார்ப்பது, மேலாளர் ஒப்புதல், பணம் விடுவிப்பது என நாலு படி. இதில் ஆவணச் சரிபார்ப்பு வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் எல்லாத்துக்கும் பொது. அதனால் அதைத் தனிப் படமாக வரைந்து வைத்து, வேண்டிய இடத்தில் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூப்பிடுவது தாய் ப்ராசஸ். கூப்பிடப்படுவது சேய் ப்ராசஸ். கூப்பிடுகிற கட்டத்துக்கு பிபிஎம்என்-ல் கால் ஆக்டிவிட்டி என்று பெயர்.

கேள்வி இதுதான்: தாயிடம் இருக்கும் வேரியபிள்கள், அதாவது விண்ணப்பதாரர் பெயர், கடன் தொகை, போன் நம்பர் எல்லாம், சேய்க்கு எப்படிப் போகும்? சேய் கண்டுபிடித்த முடிவு எப்படித் திரும்பி வரும்?

பலரும் நினைப்பது, இரண்டும் ஒரே ஃபைலைத்தான் பார்க்கின்றன என்று. அப்படி இல்லை. கால் ஆக்டிவிட்டி என்பது பக்கத்து ஆபீஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவது மாதிரி. சேய் தொடங்கும் நேரத்தில் மதிப்புகள் காப்பி ஆகிப் போகும். முடியும் நேரத்தில், சொல்லி வைத்திருந்தால், மதிப்புகள் காப்பி ஆகித் திரும்பி வரும். நடுவில் இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. (அதே படத்துக்குள்ளேயே பெட்டி போட்டு வரைகிற சப் ப்ராசஸ் வேறு. அது ஒரே அறை, ஒரே ஃபைல். உள்ளே இருந்துகொண்டே தாயின் வேரியபிளை மாற்றலாம்.)

யூனிக்ஸ் பழகியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அங்கேயும் சேய் ப்ராசஸுக்கு என்விரான்மென்ட் வேரியபிள்கள் காப்பியாகத்தான் போகும். சேய் அதை என்ன மாற்றினாலும் தாய்க்குத் தெரியாது. சேய் முடிந்ததும் ஷெல்லுக்குக் கிடைப்பது 0 முதல் 255 வரையிலான ஒரே ஒரு எண். ஷெல்லில் 'சிடி' கட்டளையை ஷெல்லே தனக்குள் செய்துகொள்வதற்கும் காரணம் இதுதான். தனி ப்ராசஸாக ஓடினால் அது தன் டைரக்டரியை மட்டும்தான் மாற்றிக்கொள்ள முடியும்.

காப்பி என்பதால் மூன்று இடங்களில் அடி விழும்.

ஒன்று, காலம். சரிபார்ப்பு ஒரு வாரம் ஓடுகிறது. மூன்றாம் நாள் விண்ணப்பதாரர் போன் நம்பரை மாற்றுகிறார். தாயிடம் புது நம்பர் ஏறிவிட்டது. சேய் இன்னமும் பழைய நம்பருக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்.

இரண்டு, பெயர் மோதல். இதுதான் ஆபத்தானது. தாயிடம் 'நிலை' என்று ஒரு வேரியபிள், மதிப்பு 'ஒப்புதல் பாக்கி'. சேயை வரைந்தவரும் தற்செயலாக 'நிலை' என்றே ஒன்று வைத்து, கடைசியில் அதில் 'சரி' என்று எழுதுகிறார். திரும்பும்போது "எல்லாத்தையும் கொண்டு வா" என்று அமைத்திருந்தால், தாயின் 'நிலை' மேல் 'சரி' வந்து உட்காரும். அடுத்த கேட்வே அதைப் பார்த்து, மேலாளரைக் கேட்காமலே பணத்தை விடுவிக்கும் பாதையில் போய்விடும். எர்ரர் எதுவும் வராது. இன்ஜினைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மூன்று, பல சேய்கள். மூன்று ஜாமீன்தாரர்களுக்கு ஒரே நேரத்தில் மூன்று சேய்கள் ஓடி, மூன்றும் 'முடிவு' என்ற ஒரே பெயரில் விடை அனுப்பினால், கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும். மற்ற இரண்டும் போச்சு. இதற்காகவே கேமுண்டா 8-ல் விடைகளை வரிசையாக ஒரு பட்டியலில் சேர்த்துத் தரும் வசதி இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கணும்: எதுவும் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கேமுண்டா 7-ல் நாம் சொல்லாவிட்டால் ஒன்றுமே போகாது, ஒன்றுமே வராது. கேமுண்டா 8-ல் தாயிடம் உள்ளது எல்லாமே சேய்க்குப் போய்விடும். பழையதிலிருந்து புதியதற்கு மாறுகிறவர்கள் படம் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

அப்போ என்னதான் செய்வது? 'எல்லாம்' என்கிற வசதியை முதல் நாள் சோதனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதன்பின் உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். திரும்பி வருவதற்குத் தாயின் பக்கம் தனிப் பெயர் கொடுக்கலாம்: சேயின் 'நிலை' தாயிடம் வரும்போது 'ஆவணச் சரிபார்ப்பு நிலை' ஆகட்டும். மோதலே வராது.

மாறக்கூடிய தகவலுக்கு மதிப்பை அனுப்பாமல் வாடிக்கையாளர் எண்ணை மட்டும் அனுப்பலாம். போன் நம்பர் தேவைப்படும் நேரத்தில் சேயே டேட்டாபேஸில் பார்த்துக்கொள்ளும். ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. விண்ணப்பித்த அன்று சொன்ன வட்டி விகிதம் நடுவில் மாறக் கூடாது. அதற்கு ஜெராக்ஸ்தான் சரி. ஒவ்வொரு வேரியபிளுக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அன்றைய மதிப்பு வேண்டுமா, இன்றைய மதிப்பு வேண்டுமா? பதிலை இன்ஜின் நமக்காக யோசிக்காது, படம் வரைகிறவர்தான் சொல்லியாகணும்.