காற்றில் சுற்றும் சக்கரத்துக்குக் கல் எதற்கு?

கொழுக்குமலைக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். சூரிய உதயம் பார்க்க நான்கு ஜீப்புகளில் கூட்டமாகக் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் பாறைமேட்டில் ஒரு ஜீப் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் அந்தரத்தில். இரண்டும் விர்ரென்று சுற்றுகின்றன. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த மற்ற இரண்டும் அசையவே இல்லை. டிரைவர் எல்லாரையும் இறக்கிவிட்டு, காற்றில் சுற்றிய பின்சக்கரத்தின் அடியில் பெரிய கற்களாகப் பார்த்துத் திணித்தார். வண்டி ஏறிவிட்டது. “சும்மா நின்றது தரையில் இருந்த சக்கரம். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்துக்கு வைத்தியம் பார்த்தால் வண்டி எப்படி சார் நகரும்? அது ஃபோர் வீல் வண்டி என்றுதானே சொன்னார்கள்?”

ஃபோர் வீல் வண்டிதான், டிரைவர் பொய் சொல்லவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினோடு தொடர்பு உண்டு என்பதற்குமேல் அந்தப் பெயர் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. விளம்பரங்கள்தான் அதைச் சொல்ல மறந்துவிடுகின்றன.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப் போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். 7,000 அடிக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு, விடியுமுன்பே ஜீப்புகள் வரிசை கட்டி ஏறுகின்றன. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பல இடங்களில் அது உருண்டைக் கல்லும் பாறையும்தான். இந்தப் பயணத்தை உயிரைப் பணயம் வைக்கும் சாகசமாகக் காட்டும் ரீல்ஸ் ஏராளம். தினமும் அதே பாதையில் ஏறி இறங்குகிற டிரைவருக்கு அது பிழைப்பு.

விஷயம் டிஃபரன்ஷியலில் இருக்கிறது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பின் அச்சின் நடுவே பூசணிக்காய் அளவில் புடைத்திருக்குமே, அதற்குள் இருக்கும் பல்சக்கரக் கூட்டம். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும், அதற்காகத்தான் இது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பாடத்தில் விட்டுப்போகிற ஓர் அழகு உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டி முழுதாகத் திரும்பி எதிர்த்திசை பார்க்கும்போது, வெளிச்சக்கரம் எவ்வளவு கூடுதலாக ஓடியிருக்கும்? இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் என்றால், அதைப் பையால் பெருக்கினால் வருவது சுமார் 4.7 மீட்டர். வளைவு அகலமா, குறுகலா என்பது கணக்கிலேயே வருவதில்லை. குறுகலான வளைவில் அந்த 4.7 மீட்டரைச் சட்டென்று ஓட வேண்டும், அகலமான வளைவில் நிதானமாக ஓடலாம், வித்தியாசம் அவ்வளவே. ஜீப் டயருக்கு அது ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் இந்த இரண்டு சுற்றை யாருக்கும் தெரியாமல் பங்கிட்டுக் கொடுப்பவை, மெக்கானிக்குகள் ஸ்டார் பினியன் என்று சொல்லும் சின்னப் பல்சக்கரங்கள்.

வேகத்தை விட்டுக்கொடுக்கிற அவை திருப்பு விசையில் மட்டும் பிடிவாதக்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் சமம். ஒரு பக்கத்துக்கு ஒரு துளி கூடக் கூடாது. எல்லாத் தொல்லையும் இந்தச் சமத்துவத்தால்தான்.

மாட்டுவண்டியின் நுகத்தடியை எடுத்துக்கொள்வோம். ஏர்க்காலின் நுனியில், நடுப்பகுதி மட்டும் கட்டப்பட்டு, இரு முனையும் முன்பின்னாக அசையக்கூடிய தடி. இங்கே மாடு எது? எஞ்சின் என்று நினைத்தால் தப்பு. எஞ்சினால் சக்கரத்தைச் சுற்றத்தான் முடியும். வண்டியை முன்னே தள்ளுவது, சக்கரத்தைப் பின்னுக்கு நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும் தரை. ஆகவே இடது சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தரை ஒரு மாடு, வலது சக்கரத்துக்கு அடியில் இருப்பது இன்னொரு மாடு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது என்றால் அந்தப் பக்கம் மாடே பூட்டவில்லை என்று அர்த்தம். மறுபக்கம் காங்கேயம் காளையே நிற்கட்டும். அது இழுத்தால் நுகத்தடி திரும்பிக்கொள்ளுமே தவிர வண்டி நகராது.

டிரைவர் கல்லைத் திணித்தபோது காலிப் பக்கத்தில் ஒரு நோஞ்சான் மாட்டைக் கொண்டுவந்து பூட்டினார். இப்போது காளையால் நோஞ்சான் அளவுக்காவது இழுக்க முடியும். வண்டிக்குக் கிடைக்கும் மொத்த இழுவை நோஞ்சானுடையதைப் போல இரண்டு பங்கு. காளைக்கு மிச்சம் இருக்கிற பலமெல்லாம் வீண். வைத்தியம் நோஞ்சானுக்குத்தான் தேவை, காளைக்கு அல்ல. வாசகர் கேட்டதற்குப் பதில் இதுதான். ஃபோர் வீலில் இப்படி இரண்டு நுகத்தடிகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூலைக்கு மூலையாக இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் இரண்டு நுகத்திலும் ஒவ்வொரு மாடு காணாமல் போகிறது. பின்னால் ஒன்றைப் பூட்டியதே மேடு ஏறப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்போது ஸ்பீடாமீட்டரை யாராவது பார்த்திருந்தால் இன்னொரு வேடிக்கை தெரிந்திருக்கும். பழைய ஜீப்புகளில் அந்த முள் அளப்பது அச்சுக்குப் போகும் தண்டின் சுழற்சியை. முள் 20 காட்டினால் காற்றில் இருக்கும் சக்கரம் 40 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, தரையில் இருப்பது பூஜ்யம், சராசரி 20. வண்டி நின்ற இடத்தில் நிற்க, மீட்டர் மட்டும் பயணம் போய்க்கொண்டிருக்கும்.

இதற்குப் பரிகாரம், நுகத்தடி திரும்பாதபடி அதை ஏர்க்காலோடு இறுக்கிக் கட்டிவிடுவது. அதன் பெயர் டிஃப் லாக். பிறகு காளை ஒன்றே வண்டியை இழுத்துவிடும். விளம்பரத்தில் இது பெரிய தொழில்நுட்பப் புரட்சி போல வருகிறது. சேற்றுழவு ஓட்டும் டிராக்டர் டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்ததும் டிஃப் லாக் பெடலை மிதிப்பதும், வெளியே வந்ததும் காலை எடுப்பதும் அவர்களுக்குக் கைவந்த, இல்லை, கால்வந்த கலை. எடுக்காமல் திரும்பினால் என்ன ஆகும்? மேலே சொன்ன 4.7 மீட்டரை டயர் உருண்டு கடக்க முடியாது, தேய்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். வண்டி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காமல் நேராகப் போகப் பார்க்கும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும் மலைப்பாதையில் அது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் சுற்றும் இன்னொரு பரிகாரம், ஆக்சிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக மிதிப்பது. காற்றில் சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடிக்கும், எனவே தரைச் சக்கரத்துக்கும் அதே அளவு விசை போகும் என்பது வாதம். முதல் பாதி சரி. ஆனால் கால் பிரேக் இரண்டு சக்கரத்தையும்தான் பிடிக்கிறது. இந்தப் பக்கம் பினாமி மாட்டைப் பூட்டிய அதே கை, அந்தப் பக்கம் காளையின் காலையும் அதே பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. வரவும் செலவும் சமம், கையில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. (உவமை இதற்குமேல் தாங்காது. மாடுகளை அவிழ்த்துவிடலாம்.) டிராக்டரில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் பெடல் இருப்பதால் அங்கே இந்த வித்தை பலிக்கும். இன்றைய கார்களில் கணினி செய்வதும் அதையேதான்: சென்சாரை வைத்துச் சுற்றும் சக்கரத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் பிடிக்கிறது. அதற்கு ‘எலெக்ட்ரானிக் லாக்’ என்ற பெயர் கொஞ்சம் அதிகம். அங்கே எதுவும் பூட்டப்படுவதில்லை, பிரேக் பேட்தான் சூடாகித் தேய்கிறது.

பிரேக் யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ டிரைவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வண்டியில் இருப்பது வெர்னான் கிளீஸ்மன் 1958ல் காப்புரிமை பெற்ற டார்சன் வகை டிஃபரன்ஷியல். வழுக்கும் பக்கம் ஒரு பங்கு விசையைத் தாங்கினால், பிடிப்புள்ள பக்கத்துக்கு அது சில பங்குகளை அனுப்பும். பிரேக் தின்னும் ஒரு பங்கைக் கழித்தாலும் மிச்சம் இருக்கும். ஆனால் வழுக்கும் சக்கரம் எதையுமே தாங்கவில்லையென்றால், பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம், அதனால்தான் பிரேக். ஹம்வீக்குச் சொன்ன யோசனையை எல்லா வண்டிக்கும் சொல்லிவிட்டார்கள். இப்போது வரும் தார் ஜீப்பின் சில வகைகளில் இருப்பது வேறு: இரண்டு சக்கரத்தின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசப்பட்டதும் உள்ளே ஒரு சிறு எடைக்கல் விரிந்து கொக்கியில் மாட்டி, லாக் தானாக விழுகிறது. ஆக, முதலில் கொஞ்சம் சுற்ற விட வேண்டும். பதறிப்போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, லாக் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்பவர்கள் உண்டு.

சரித்திரம் கேட்பவர்களுக்கு: 1820களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே சீனர்களின் ‘தெற்கு காட்டும் தேர்’ இதே தத்துவத்தில் ஓடியது என்பார்கள். தேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதில் டிஃபரன்ஷியல் இருந்ததா என்பதே ஊகம். போதும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஏதாவது மெக்கானிக் ஷெட்டில், பின்சக்கரம் இரண்டும் தூக்கி நிறுத்திய ஜீப் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். வண்டி கியரில் இருக்கட்டும். வலது சக்கரத்தைக் கையால் முன்பக்கம் உருட்டினால் இடது சக்கரம் பின்பக்கமாக உருளும். நடுத்தண்டு நிற்கிறது, சராசரி பூஜ்யம், ஆகவே ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். ஷெட்டில் இது விளையாட்டு. மலையில் டயர் பஞ்சரானால் விளையாட்டு இல்லை. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, நடுத்தண்டைத்தான் பிடிக்கும். சரிவில் நிறுத்தி ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிய மறுகணம், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது மறுபக்கம் உருண்டு, ஹேண்ட் பிரேக்கும் கியரும் போட்டபடியே வண்டி இறங்க ஆரம்பிக்கும். அதனால் ஜாக்கியைத் தொடுவதற்கு முன் சின்ன லீவரைத் தள்ளி ஃபோர் வீலில் போட்டுவிட வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் இருப்பதால் அந்த அச்சு பிடித்துக்கொள்ளும். அப்படியும் மற்ற சக்கரங்களுக்குக் கல் வைப்பது நல்லது.