உருக்கில் ஓடும் விரிசல்

கோலகங்சாரை அடுத்த காராயில், பேராக் ஆற்றின்மேல் விக்டோரியா பாலம் நிற்கிறது. 1897இல் தொடங்கி 1900இல் முடிந்த இந்த ஒற்றைத் தண்டவாளப் பாலத்தில் 2002ஆம் ஆண்டுவரை ரயில் ஓடிற்று. அதன் சட்டகத்தை உற்று நோக்குவோர் வரிவரியாகக் குமிழ்த்தலை ஆணிகளைக் காண்பர். ரிவெட்டு எனப்படும் தறையாணிகள் இவை. தகடுகளைப் பிணைப்பதே இவற்றின் வேலை. ஆயினும் விரிசலை மறிப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. அது எவ்வாறு?

சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர்ப் பட்டையை வெகுதூரம் இழுக்கலாம். ஓரத்தில் நகத்தளவு கீறிவிட்டு இழுங்கள், அங்கிருந்தே கிழியும். இழுவிசை கீறலின் கூர்நுனியில் வந்து குவிவதே காரணம். இழுபட்ட பொருளில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. விரிசல் சிறிது நீளும்போது விடுபடும் ஆற்றல், புதிய பிளவுப் பரப்பை உண்டாக்கப் போதுமானால் விரிசல் தானே ஓடும், போதாவிடில் நின்றுவிடும். கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் கண்ணாடியை ஆராய்ந்து 1921இல் இதைக் கூறினார். ரிவ்லின், தாமஸ் இருவரும் 1953இல் அதை ரப்பருக்குப் பொருத்திக் காட்டினர். அவர்கள் பணியாற்றிய இங்கிலாந்து ஆராய்ச்சி நிலையத்துக்கு மலாயா ரப்பர்ப் பணம் உதவியது. நம் தோட்டங்களில் மரம் சீவியோரின் உழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது அல்லவா?

உருக்கு, கண்ணாடி போன்றதன்று. விரிசல் நுனியில் அது வளைந்து கொடுத்து ஆற்றலை விழுங்கும். கடுங்குளிரில் அக்குணம் குன்றும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லந்துத் துறையில் சும்மா நின்றிருந்த ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், பேரோசையுடன் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. தகடுகள் பற்றவைக்கப்பட்டு ஒரே உடலாக இருந்தமையால் விரிசலுக்குத் தடையே இல்லை. தறையாணி அடித்த இணைப்பிலோ, ஒரு தகட்டில் ஓடிய விரிசல் பெரும்பாலும் அதன் விளிம்போடு நின்றுவிடும். பின்னர் பற்றவைத்த கப்பல்களிலும் விரிசலை மறிக்கத் தறையாணிப் பட்டைகளைச் சேர்த்தனர்.

பேராக்கில் அத்தகைய குளிர் ஏது? இங்கு அஞ்சவேண்டியது மெல்ல ஊரும் விரிசலே. ரயில் கடக்குந்தோறும் பாலம் சற்று நெளிந்து மீளும். பல லட்சம் முறை இது நிகழ்ந்தால், தாங்கக்கூடிய பாரத்திலேயே மயிரிழை விரிசல் தோன்றலாம். தறையாணித் துளையின் விளிம்பே பல வேளைகளில் அதன் பிறப்பிடம் என்பதுதான் வேடிக்கை!

அதை நிறுத்தப் பொறியாளர் விரிசலின் நுனியில் துளையிடுவர். ஓட்டைக்கு ஓட்டை மருந்தா என்று கேட்கத் தோன்றும். கூர்நுனி போய் வட்ட விளிம்பு வருவதால் விசையின் குவிப்பு தணிகிறது. ஆனால், கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பாலும் விரிசல் போயிருக்கக்கூடும். ஆகவே சாயத்தை ஊறவைத்து உண்மை நுனியைக் கண்ட பின்னரே துளையிடுவர். அதுவும் பல இடங்களில், மேலே தகடு வைத்துப் பிணைக்கும்வரை தாங்கும் ஏற்பாடுதான்.