இரவு ரத்தம்

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு முதலில் கண்ணில் பட்டது ரத்தத்தில் அல்ல. 1863இல் பாரிஸில் தெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், விரைவீக்கத்திலிருந்து வடித்த நீரில் அதன் குஞ்சுகளைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பஹியாவில் வூகரர், பால்போல் வெளுத்த சிறுநீரில் கண்டார். அவை எங்கிருந்து அங்கே வந்தன என்பது இருவருக்கும் பிடிபடவில்லை.

விடை கல்கத்தாவில் கிடைத்தது. டிமதி லூயிஸ் காலராவை ஆராய அனுப்பப்பட்ட ராணுவ மருத்துவர். 1870இல் அவரும் வெளுத்த சிறுநீரில் புழுவைப் பார்த்தார். 1872இல் வயிற்றுப்போக்கோடு வந்த ஒருவரின் ரத்தத்தை நுண்ணோக்கியின் அடியில் வைத்தபோது, ஒரே ஸ்லைடில் ஒன்பது புழுக்கள் சிவப்பணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டு நெளிந்தன. நீளம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; தடிமன் ஏறக்குறைய ஒரு சிவப்பணுவின் அகலம்தான். அதனால்தான் மிக நுண்ணிய ரத்தக் குழாயிலும் அது நுழைந்து போகிறது. ஒவ்வொன்றையும் கண்ணாடிபோல் தெளிந்த உறை ஒன்று மூடியிருந்ததையும், அதற்குள் புழு முன்னும் பின்னும் ஊர்ந்ததையும் லூயிஸ் கவனித்து எழுதிவைத்தார்.

அதுவரை ரத்தத்தில் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? நுண்ணோக்கியின் முன்னோடியான லேவன்ஹூக் சிவப்பணுக்களை விவரித்தது 1674இல். அதன்பின் இருநூறு ஆண்டுகளாக ரத்தத்தை உற்றுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்; அவர்கள் ஊரில் இந்தப் புழு இல்லை. இருக்கும் ஊர்களிலோ, பகலில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. இந்த மர்மத்தை அவிழ்த்தவர் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மான்சன். பகலிலும் இரவிலும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், பொழுது சாய்ந்த பிறகே புழுக்கள் பெருகுவது தெரிந்தது. பகலில் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடுகின்றன; கொசு கடிக்கும் நேரத்துக்குத் தோலருகே வருகின்றன. கொசுவுக்குள் புழு வளர்வதை மான்சன் 1877இலேயே கண்டிருந்தார். ஆனால் செத்த கொசு விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் தொற்றுகிறது என்று நம்பினார். இவ்வளவு கூர்மையான கண்ணுக்கு இப்படியும் ஒரு சறுக்கல்!

மலையாளக் கரையில் இந்த நோய் எவ்வளவு பரவியிருந்ததென்றால், வெள்ளைக்காரர்கள் யானைக்காலையே ‘கொச்சிக் கால்’ என்றார்கள். லூயிஸும் மான்சனும் கண்டது வுச்செரேரியா என்ற வகை; திருவிதாங்கூரின் சேர்த்தலையில் காணப்பட்டது புரூஜியா மலாயி என்ற வேறு வகை. மான்சோனியா கொசுவின் இளம்புழுக்கள் குளத்தில் ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி மூச்சுவிட்டு வளர்ந்தன; வளர்ந்த கொசுக்கள் நோயைப் பரப்பின. இந்த வகையில் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். விரைவீக்கமும் வெளுத்த சிறுநீரும் அரிது. தெமார்க்கேயும் வூகரரும் சேர்த்தலையில் தேடியிருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள்.

இரண்டு வகையிலும் ரத்தத்தில் புழுவைத் தேடுவது இரவில்தான். விரல் நுனியைக் குத்தி எடுத்த துளியை ஸ்லைடில் கெட்டியாகத் தடவி உலரவிடுகிறார்கள். பிறகு தண்ணீர் விட்டால் சிவப்பணுக்கள் உடைந்து நிறம் போய்விடும். சாயம் ஏற்றியதும் புழு தெளிவாகத் தெரியும். எந்த வகை என்பதை வால் காட்டிக்கொடுக்கும்: வுச்செரேரியாவின் வால் நுனி வெறுமையாக இருக்கும், புரூஜியாவின் நுனியில் இரண்டு உட்கருக்கள் தனித்து நிற்கும்.