60 வயசு எல்லாருக்கும் ஒண்ணுதானா? உடம்பின் கணக்கே வேற!

கள்ளக்குறிச்சியில் ஆபீஸ் வேலை பார்த்தவருக்கும், கல்வராயன் மலையில் காட்டு வேலை பார்த்தவருக்கும் ஆதாரில் ஒரே 60 வயது இருக்கலாம். உடம்புக்கும் அதே வயசா? இல்லை என்கிறது அறிவியல்.

முதுமை ஏன் வருது?

▪ 1956: ஆக்சிஜனை உடல் பயன்படுத்தும்போது உருவாகும் 'ஃப்ரீ ரேடிக்கல்' செல்களைச் சேதப்படுத்துகிறது என்றார் டென்ஹாம் ஹார்மன்.

▪ 1961: மனித செல் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடும் எனக் காட்டினார் லியோனார்ட் ஹேஃப்லிக்.

▪ 1977: உடம்பின் சக்தி அளவானது, இனப்பெருக்கத்துக்குப் போக மிச்சம்தான் ரிப்பேருக்கு என்றார் தாமஸ் கிர்க்வுட்.

இதில் எதுவும் தனியாக முழு விடை இல்லை.

சின்ன வயசுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் ஆபத்து அதிகம் எனக் கண்டறிந்தார் பிரிட்டன் மருத்துவர் டேவிட் பார்க்கர். அதாவது, கர்ப்பிணி சாப்பிடும் சாப்பாடு அந்தக் குழந்தையின் முதுமை வரைக்கும் பேசும்.

இதில் என்ன சிக்கல்?

முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது நிரம்பணும். 50-லேயே உடம்பு தளர்ந்தாலும், பிறந்த தேதிதான் கணக்கு.

என்ன செய்யலாம்?

பிரஷர், சுகர் டெஸ்டுக்கு 60 வரை காத்திருக்க வேண்டாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.