லண்டனில் ஒரு தாவீது

ஐரோப்பியக் கலையின் சரித்திரத்தைப் போதிக்க முற்படும் உபாத்தியாயருக்கு நேரும் முதற்சங்கடம், அவர் காட்ட வேண்டிய பொருள்கள் ஓரிடத்தில் இல்லை என்பதே. மைக்கேலாஞ்சலோவின் தாவீதைக் காணப் பிளாரன்ஸ் நகருக்குப் போக வேண்டும். டிராஜன் சக்கரவர்த்தியின் வெற்றித் தூணைக் காண ரோமாபுரிக்குப் போக வேண்டும். மத்தேயோ என்னும் சிற்பி 1188-ஆம் ஆண்டைப் பொறித்து நிறுத்திய மகிமை வாயிலைக் காண வேண்டுமானால், ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா தேவாலயம் வரை யாத்திரை செய்தாக வேண்டும். இவற்றில் எதையும் பெயர்த்துக்கொண்டு வருவதற்கில்லை. ஆனால் ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை நிறுத்தி, ஆடையின் மடிப்பு இங்கே எப்படி விழுகிறது, முந்நூறு வருஷங்களுக்குப் பிறகு அங்கே எப்படி விழுகிறது என்று சுட்டிக் காட்டாமல், பாணிகள் மாறிவந்த கதையை மாணவனுடைய மனத்தில் பதியவைப்பதும் எளிதன்று.

இந்தச் சங்கடத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்ட பரிகாரம், லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் இரண்டு பெரிய கூடங்களில் இன்றும் நிற்கிறது. 1873-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த வார்ப்புக் கூடங்களில், ஐரோப்பா முழுவதிலுமிருந்து அச்செடுத்துக் கொண்டுவந்த கல்லறைகள், வாயில்கள், பிரசங்க மேடைகள், சிலைகள் எல்லாம் சந்தைக்கு வந்த ஜனங்களைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டர். மூலம் என்று சொல்லத்தக்கது அங்கே அநேகமாக ஒன்றும் இல்லை. ஆயினும், ஐரோப்பியச் சிற்பக்கலையைக் கற்பிப்பதற்கு இதைக் காட்டிலும் வசதியான ஸ்தலம் எந்த மூலப்பொருட் காட்சிசாலையிலும் அமையவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மூலபுருஷர் ஹென்றி கோல் என்பவர். 1851-ஆம் ஆண்டின் மகா கண்காட்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான அவர், தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் நல்ல வடிவங்களைக் கண்ணால் கண்டு பழகும் வாய்ப்பு இல்லாமையே ஆங்கிலேயப் பண்டங்களின் அழகின்மைக்குக் காரணம் என்று கருதி, சவுத் கென்சிங்டன் மியூசியம் என்று அந்நாளில் வழங்கிய இந்த ஸ்தாபனத்தைப் பள்ளிக்கூடமாகவே நடத்தினார். பகலெல்லாம் உழைப்பவன் இராக்காலத்தில் வந்து பார்க்கட்டும் என்று வாயு விளக்குகளை ஏற்றிவைத்தார். 1867-இல் பாரிஸ் கண்காட்சி நடந்தபோது, ஐரோப்பிய ராஜவம்சங்களைச் சேர்ந்த இளவரசர் பதினைவரைக் கையொப்பமிடச் செய்து, தத்தம் நாட்டுக் கலைச் செல்வங்களின் பிரதிகளை எல்லா நாட்டு மியூசியங்களும் பரிமாறிக்கொள்வதற்கு ஓர் உடன்படிக்கையையும் உண்டாக்கிவிட்டார். எல்லைகளுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த அரசுகள், பிளாஸ்டர் விஷயத்தில் மட்டும் இவ்வளவு தாராளமாக நடந்துகொண்டதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

வார்ப்பு எடுக்கும் முறை சற்று நிதானித்துப் பார்க்கத் தக்கது. சிலையின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளாதபடி முதலில் எண்ணெயோ சவர்க்காரமோ பூசி, ஒரு சிறு பகுதியின் மேல் மட்டும் குழைத்த பிளாஸ்டரை அப்பி, அது இறுகியதும் கழற்றி, அடுத்த பகுதிக்குப் போவார்கள். காதின் குழிவு, விரல்களுக்கு இடையிலுள்ள சந்து, சுருள்முடியின் உள்மடிப்பு ஆகிய இடங்களில் ஒரே துண்டாக எடுத்தால் அச்சு கழலாது. ஆகையால் துண்டுகள் நூற்றுக்கணக்கில் பெருகும். பிறகு அவற்றையெல்லாம் வெளிக்கூடு ஒன்றினுள் கோத்து வைத்து, உட்புறத்தில் புதிய பிளாஸ்டரை ஊற்றி, உறைந்தபின் துண்டு துண்டாகப் பிரித்தெடுத்தால் சிலை வெளிப்படும். அச்சுத் துண்டுகள் சேர்ந்த இடங்களில் மெல்லிய வரம்புகள் எழும்பியிருக்கும். தேர்ந்த கைகள் அவற்றைச் சீவிவிடும், சில வேளைகளில் விட்டும் விடும். பிரதியின் கன்னத்திலோ தோளிலோ அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால், மாணவன் சிலையின் மேற்பரப்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிடுவான். நல்ல உபாத்தியாயருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

தாவீதின் பிரதியை வார்த்தவர் கிளெமென்தே பாப்பி. டஸ்கனியின் பிரபு 1857-இல் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய அந்த ஐந்து மீட்டர் உயரப் பரிசை, மகாராணி மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். சிலையின் நிர்வாணம் அவரைத் திடுக்கிடச் செய்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், ராஜகுடும்பத்துப் பெண்மணிகள் விஜயம் செய்யும்போது மாட்டுவதற்கென்று பிளாஸ்டரில் அத்தியிலை ஒன்று செய்யப்பட்டதும், அதைத் தொங்கவிடச் சிலையில் இரண்டு கொக்கிகள் இருந்ததும் உண்மை. அந்த இலை இப்போது பீடத்தின் பின்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலி மனித சரீரத்தை எவ்வாறு நோக்கியது, விக்டோரியா காலத்து இங்கிலாந்து எவ்வாறு நோக்கியது என்னும் இரண்டு பாடங்களையும் ஒரே பீடத்தின் முன்புறத்திலும் பின்புறத்திலும் நடத்திவிடலாம்.

இன்னொரு விந்தையும் உண்டு. லண்டனில் வார்ப்புக் கூடங்கள் திறக்கப்பட்ட அதே 1873-இல்தான், வெயிலிலும் மழையிலும் நின்று தேய்ந்த மூலத் தாவீதைப் பிளாரன்ஸ் நகரத்தார் சதுக்கத்திலிருந்து எடுத்து அக்கடெமியாக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். இன்று சதுக்கத்தில் நிற்பதும் பிரதியே.

டிராஜன் தூணின் விஷயம் இதைவிட முக்கியமானது. கி.பி. 113-இல் எழுந்த அந்தத் தூணைச் சுற்றி, டாசியப் போர்களின் கதை சுமார் இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டையாகச் சுழன்று ஏறுகிறது. ரோமாபுரியில் அண்ணாந்து பார்ப்பவனுக்குக் கீழ்ச்சுற்றுகள் சில புலப்படும். மேலே போகப் போக எல்லாம் புள்ளிகளாகிவிடும். மூன்றாம் நெப்போலியன் 1860-களின் தொடக்கத்தில் அச்செடுப்பித்ததன் பயனாகக் கிடைத்த பிரதி, லண்டன் கூடத்தின் கூரைக்குள் அடங்காமையால் இரண்டு துண்டுகளாக நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்த அங்கஹீனம் மாணவனுக்கு அநுகூலமாயிற்று. மேல்தளத்து மாடத்தில் நின்றால், மூலத்தில் எட்டாத பகுதிகளும் கண்ணுக்கு அருகில் வருகின்றன. அச்செடுத்த காலத்துக்குப் பிறகு நகரத்துப் புகையும் மோட்டார் வாகனங்களின் நச்சுக்காற்றும் மூலத்தின் சலவைக்கல்லை அரித்துவிட்டமையால், சில நுட்பங்களை அறிய ஆராய்ச்சியாளர்களே இன்று வார்ப்புகளைத்தான் நாடுகிறார்கள்.

ஆயினும் பிரதிகளுக்கு ஒரு கெட்ட காலம் வந்தது. 1900-க்குப் பிறகு பாஸ்டன் மியூசியத்தில், மூலங்கள் மட்டுமே காட்சிக்கு உரியவை என்று ஒரு கட்சியும், கல்விக்கு வார்ப்புகள் இன்றியமையாதவை என்று ஒரு கட்சியும் மோதிக்கொண்டன. வார்ப்புக் கட்சியின் தலைவரான டைரக்டர் எட்வர்ட் ராபின்சன் 1905-இல் விலகினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் பின்னாளில் தன் வார்ப்புகளைக் கிடங்கில் போட்டு, பிறகு பல கலாசாலைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. நம் நாட்டு நிலைமை வேறு. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்து பின்னர் கல்கத்தாவுக்குச் சென்ற ஈ. பி. ஹாவெல், அங்கே ஐரோப்பியப் பிரதிகளை விலக்கி இந்தியக் கலையை ஆதாரமாக வைக்க முற்பட்டபோது, எதிர்த்துக் கிளம்பியவர்கள் இந்திய மாணவர்களே. கிரேக்கப் பிளாஸ்டர் தலைகளைப் பார்த்து வரைவதே சித்திரப் பயிற்சி என்றிருந்த பள்ளியில் ஹாவெல் செய்தது நியாயம். ஐரோப்பாவின் சரித்திரத்தை அறிய வைத்திருக்கும் பிளாஸ்டருக்கு அந்தக் கண்டனம் பொருந்தாது.

பிரதியின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. மரம், வெண்கலம், சலவைக்கல் எல்லாம் அங்கே ஒரே பொருளாகிவிடுகின்றன. மேலே பூசிய வர்ணம் கண்ணை ஏமாற்றுமே தவிர, உளி பட்ட விதத்தைச் சொல்லாது. எதை வார்த்தார்களோ அதுவே சரித்திரத்தில் பெரியதாகிவிட்டது என்பது அதைவிட நுட்பமான குறை.

வார்ப்பு இறங்கிய ஆசனத்தில் புகைப்படம் ஏறியது. ஹெய்ன்ரிஹ் வொல்ஃப்ளின் இரண்டு படங்களைத் திரையில் அக்கம் பக்கமாக விழச் செய்து, மறுமலர்ச்சியையும் பரோக்கையும் ஒப்பிட்டுப் போதித்த முறை, உலகெங்கும் கலைச் சரித்திர வகுப்புகளின் மரபாயிற்று. இன்று மெட்ரோபாலிட்டன் மியூசியம் லட்சக்கணக்கான படங்களைத் தடையின்றி எடுத்தாள அனுமதிக்கிறது. லண்டன் நேஷனல் காலரியோ, ஆரம்பப் பள்ளிகளுக்காக 1995 முதல் நடத்திவரும் திட்டத்தில் ஒரே ஓர் ஓவியத்தைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதிலிருந்தே கணிதம், பூகோளம், கைத்தொழில் வரை குழந்தைகள் கிளைத்துப் போகலாம். இரண்டில் எது உபாத்தியாயருக்கு அதிகப் பிரயோஜனம் என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் ரெம்பிராண்டின் "இரவுக் காவல்" ஓவியத்தை 8,439 புகைப்படங்களாகப் பிடித்து ஒன்றாக இணைத்து, 717 கிகாபிக்ஸல் கொண்ட படமாக 2022-இல் வெளியிட்டிருக்கிறது. வர்ணத்தில் விழுந்த வெடிப்புகளைக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் அந்தப் படத்தில் காண முடியாத பகுதி ஒன்று உண்டு. 1715-இல் நகர மண்டபத்தின் சுவரில் இடம் போதாமல், ஓவியத்தின் நான்கு ஓரங்களையும் நறுக்கிவிட்டார்கள்; நறுக்கிய துண்டுகள் அகப்படவேயில்லை. முழு ஓவியம் எப்படி இருந்தது என்பதை நாம் அறிவது, கெரிட் லுண்டென்ஸ் என்பவர் பதினேழாம் நூற்றாண்டிலேயே, ஒரு மீட்டர் அகலங்கூட இல்லாத சிறிய அளவில் எழுதி வைத்த பிரதியினால்தான். 2021-இல் அந்தப் பிரதியை ஆதாரமாகக் கொண்டு, ரெம்பிராண்டின் கைப்போக்கைக் கணினிக்குப் பழக்கி, இழந்த ஓரங்களை அச்சிட்டு மூலத்தின் நாற்புறமும் பொருத்தினார்கள். இடப்பக்கத்தில் காணாமற்போன உருவங்கள் மீண்டு வரவே, நடுவில் நிற்பதாக நாம் எண்ணியிருந்த காவற்படைத் தலைவரும் துணைத்தலைவரும் சற்று வலப்புறம் விலகி, படை முழுவதும் இடப்பக்கத்தை நோக்கிப் புறப்படுவது தெளிவாயிற்று. சில மாதங்களுக்குப் பிறகு அந்த ஓரங்களைக் கழற்றிவிட்டார்கள்.