பிள்ளைகளின் கைகளில் கிருமி: பயமுறுத்தாமல் புரியவைப்போம்

"ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறேன். என் மகன் குழாயைத் திறந்து விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறான்." எங்கள் கலந்துரையாடலில் ஒரு தாயார் இப்படிச் சொன்னபோது அரங்கில் பலரும் சிரித்தனர். எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே! ஆனால், அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. பாலர் பள்ளியிலிருந்து அந்த மகன் கொண்டுவந்த கை, கால், வாய்ப்புண் நோய், ஒரே வாரத்தில் கைக்குழந்தையான தங்கைக்கும் தொற்றிவிட்டதாம்.

இந்நோய் நமக்குப் புதிதல்ல. 1997-இல் சரவாக்கில் என்டரோவைரஸ் 71 என்ற கிருமியால் இது பரவியபோது சிறு குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் பாலர் பள்ளிகளும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்த 2022-இல் மலேசியாவில் நோய்ச் சம்பவங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. பெரும்பாலான பிள்ளைகள் பத்து நாள்களுக்குள் குணமடைந்துவிடுகிறார்கள் என்பது ஆறுதல். என்றாலும், சிலருக்கு இது மூளையையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் அலட்சியம் கூடாது.

கிருமி எப்படிப் பரவுகிறது? எச்சில், சளி, கொப்புளத்து நீர், மலம் ஆகியவற்றில் அது இருக்கும். ஒரு பிள்ளை வாயில் வைத்த பொம்மையை இன்னொரு பிள்ளை எடுக்கிறது; அதே கையைத் தன் வாயில் வைக்கிறது. அவ்வளவுதான். கிருமிக்குக் கால் இல்லை. நம் கைகள்தாம் அதற்கு வாகனம். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். "கை கழுவாவிட்டால் பூச்சி கடிக்கும், டாக்டர் ஊசி போடுவார்" என்று மிரட்டினால், மருத்துவரைக் கண்டுதான் பயப்படுவார்களே தவிர, கையைக் கழுவ மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்ட எளிய வழி உண்டு. பிள்ளையின் கையில் இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு, சிறிது காப்பித்தூளைத் தடவுங்கள். "இதுதான் கிருமி என்று வைத்துக்கொள்வோம்" என்று சொல்லி, முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். தூள் ஒட்டிக்கொண்டே இருக்கும். பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். எண்ணெயோடு தூளும் சேர்ந்து ஓடிவிடும். நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் கட்டைவிரலைச் சுற்றியும் மிச்சமிருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். இதற்கு மஞ்சள்தூள் வேண்டாம். சவர்க்காரம் பட்டால் அது சிவந்துவிடும், பிள்ளை குழம்பிவிடும்.

நம் கைகளிலும் இதுதான் நடக்கிறது. தோலில் உள்ள எண்ணெய்ப் பசையில் கிருமி ஒட்டிக்கொள்கிறது. சவர்க்காரம் அந்தப் பசையை இளக்குகிறது, தேய்ப்பது பெயர்க்கிறது, ஓடும் நீர் கொண்டுபோகிறது. இதற்குக் குறைந்தது 20 விநாடி தேவை. ஒன்று முதல் இருபது வரை தமிழில் நிதானமாக எண்ணச் சொல்லுங்கள். கையும் சுத்தமாகும், எண்ணும் பழகும்!

"பையில்தான் கைத்தூய்மி இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். கோவிட் கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை இருந்தது. ஆல்கஹால் அதை எளிதில் குலைத்தது. கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிக்கு அந்த உறை கிடையாது. எனவே, கைத்தூய்மி இதனிடம் முழுப் பலன் தருவதில்லை. சவர்க்காரமும் தண்ணீருமே சிறந்தவை.

இனிப் பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. நாம் கழுவுகிறோமா? பாட்டி சோறு உருட்டி ஊட்டுகிறார். அம்மா அணையாடை மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போகிறார். அப்பா வேலை முடிந்து வந்ததும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். நோய் குணமான பின்னும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறும். ஆகவே, கழிவறைக்குச் சென்று வந்த பிறகும், அணையாடை மாற்றிய பிறகும், சமைக்கும் முன்பும், ஊட்டும் முன்பும், வெளியிலிருந்து வந்தவுடனும் கழுவ வேண்டியது முதலில் நாம்தான். வாசலில் தண்ணீர் வைத்துக் கை கால் கழுவிய பின்பே வீட்டுக்குள் வந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். நம்மைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் கற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலையில் பிள்ளைக்கு இலேசான காய்ச்சல், உள்ளங்கையில் நாலைந்து சிவப்புப் புள்ளி. விடுப்பு கிடைக்காது என்பதால் மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். வேலைக்குப் போகும் பெற்றோரின் சிரமம் புரிகிறது. ஆயினும், நாம் அனுப்புவது நம் பிள்ளையை மட்டுமல்ல, இன்னொரு வீட்டுக் கைக்குழந்தைக்கான நோயையும்தான். மருத்துவரிடம் காட்டி, குணமாகும்வரை வீட்டில் வைத்திருங்கள். காய்ச்சல் தணியாமல் நீடித்தாலோ, பிள்ளை ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடல் திடீர் திடீரெனத் துள்ளினாலோ, நடை தள்ளாடினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்தத் தாயாரின் இரு பிள்ளைகளும் இப்போது நலம். மகன் இன்னும் அவசரக்காரன்தானாம். ஆனால், தங்கையைத் தொடும் முன் மட்டும் இருபதுவரை எண்ணாமல் குழாயடியை விட்டு நகர்வதில்லையாம். இன்று மாலை உங்கள் வீட்டுக் குழாயடியிலும் அந்த எண்ணிக்கை கேட்கட்டும்.