வீடு தேடிச் சென்ற குடும்ப நலம்: மத்லப் கிராமங்களின் அனுபவம்

ஏழை விவசாய நாடுகளில் பிறப்பு விகிதம் ஏன் உயர்ந்திருக்கிறது, அது எவ்வாறு குறையும் என்ற கேள்வி நெடுங்காலமாக அறிஞர்களிடையே விவாதத்துக்கு உரியதாக இருந்து வந்துள்ளது. 1974-ஆம் ஆண்டில் ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்ட்டில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் உலக மக்கள் தொகை மாநாடு கூடியது. கல்வியும் தொழிலும் வருவாயும் பெருகினால் சிறு குடும்பம் தானே வந்துவிடும், ஆகவே முதலில் வேண்டுவது பொருளாதார வளர்ச்சியே என்று வளரும் நாடுகளின் பிரதிநிதிகள் பலர் அங்கே வாதாடினர். கருத்தடைச் சாதனங்களைத் தாராளமாக வழங்கினாலே போதும் என்று வேறு சிலர் கருதினர். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல என்பதை அடுத்த சில ஆண்டுகளில் வங்காள தேசத்தின் சில கிராமங்கள் எடுத்துக் காட்டின. அவற்றின் அனுபவம் கிராம நிர்வாகத்தில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் அறியத்தக்கதாகும்.

வங்காள தேசம் 1971-இல் ஒரு கொடிய போருக்குப் பின் தனி நாடாயிற்று. 1974-இல் பஞ்சம் வந்தது. அவ்வாண்டில் எடுத்த கணக்கின்படி அங்கே 7 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகளும் கூலியாட்களுமே. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் பெற்றாள். இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்குவது எளிது, சரியன்று. வயலில் உதவிக்குப் பிள்ளைகள் வேண்டும். முதுமையில் தாங்குவதற்கு மகன் வேண்டும். பிறந்த குழந்தைகளிலோ ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஐந்து வயதை எட்டாமலே மடிந்து கொண்டிருந்தன. இரண்டு மகன்களாவது ஆளாகி நிற்க வேண்டும் என்று விரும்பிய தந்தை, இரண்டோடு நிறுத்த எவ்வாறு துணிவான்? விதையில் ஒரு பகுதி முளைக்காது என்று தெரிந்த விவசாயி சற்று நெருக்கி விதைப்பதைப் போன்றதே இது.

டாக்காவுக்குத் தென்கிழக்கே, ஆறுகளும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் தாழ்நிலத்தில் மத்லப் என்னும் வட்டாரம் உள்ளது. மழைக்காலத்தில் அங்கே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கே படகில்தான் செல்ல வேண்டும். அந்நாடு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோதே, காலரா நோயை ஆராய்வதற்காக ஓர் ஆய்வுக்கூடம் இவ்வட்டாரத்தில் பணியைத் தொடங்கியிருந்தது. 1966 முதல் இங்குள்ள கிராமங்களில் ஒவ்வொரு பிறப்பும், இறப்பும், திருமணமும், குடிபெயர்வும் வீடு வீடாகக் கேட்டுப் பதியப்பட்டு வருகின்றன. ஒரு பதிவேட்டைச் செம்மையாக வைத்திருப்பது எத்துணைக் கடினம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நன்கறிவார்கள். இப்பதிவேடு இருந்ததனால்தான் அங்கே செய்த எந்த முயற்சி பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஊகத்தால் அன்றி எண்ணிக்கையால் சொல்ல முடிந்தது.

1975-இல் முதல் முயற்சி நடந்தது. வட்டாரத்தின் ஒரு பகுதியில் வீடு வீடாகச் சென்று கருத்தடை மாத்திரைகளை இலவசமாக வழங்கினர். ஆணுறைகளும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. வழங்கியவர்கள் அவ்வூர்ப் பெண்களே. பலர் வயது முதிர்ந்த, எழுத்தறிவில்லாத கைம்பெண்கள். தொடக்கத்தில் மாத்திரையை ஏற்றவர்களின் தொகை விரைந்து உயர்ந்தது. ஆனால் சில மாதங்களுக்குள் அது இறங்கத் தொடங்கிற்று. காரணம் என்ன? மாத்திரை உட்கொண்ட பெண்ணுக்குத் தலைச்சுற்றலோ குமட்டலோ கண்டால், அது ஆபத்தா, தானே அடங்குமா என்று கேட்க ஆளில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவளுக்கு வேறு முறையும் இல்லை. பெற்று முடித்த பாட்டியிடம் இளம் மருமகள் தன் அந்தரங்கக் கவலையை எப்படிச் சொல்வாள்? பொருள் வீட்டுக்கு வந்தது, நம்பிக்கை வரவில்லை.

1977-இன் பிற்பகுதியில் திட்டம் அடியோடு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 70 கிராமங்களுக்கு 80 பெண்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் அவ்வூரிலேயே வாழ்பவர்கள், படித்தவர்கள், இளம் வயதினர், திருமணமானவர்கள், தாங்களே ஏதேனும் ஒரு கருத்தடை முறையைக் கையாண்டவர்கள். ஒருவருக்கு ஏறத்தாழ ஆயிரம் மக்கள் என்ற அளவில் பொறுப்பு. இரு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் சென்றாக வேண்டும். மாத்திரை, ஆணுறை, கருத்தடை ஊசி ஆகியவை அவர் வழியாகவே கிடைத்தன. கருப்பையில் வைக்கும் சாதனம், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை வேண்டியவர்களுக்கும் வழி செய்யப்பட்டது. தொல்லை கண்டவளைத் துணை நிலையத்திலிருந்த பயிற்சி பெற்ற மருத்துவப் பணிப்பெண் கவனித்தாள். ஒரு முறை பிடிக்கவில்லையென்றால் மற்றொன்றுக்கு மாறலாம். ஒன்றும் வேண்டாமென்றாலும் குறையில்லை, பணிப்பெண் அடுத்த முறையும் வருவாள். பெண்கள் வீட்டு வளாகத்தை விட்டு வெளிவருவது அரிதாக இருந்த சமூகத்தில், இந்த வருகையின் மதிப்பை அளவிட இயலாது.

இரண்டே ஆண்டுகளில் அக்கிராமங்களின் திருமணமான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதேனும் ஒரு முறையைக் கையாண்டனர். 1990 அளவில் இது பாதியைக் கடந்தது. ஒப்பு நோக்குவதற்காக விடப்பட்ட பக்கத்துக் கிராமங்களில் முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. நிலம் ஒன்றே, மதம் ஒன்றே, வறுமையும் ஒன்றே. பணி நடந்த விதம் ஒன்றுதான் வேறு. சிறு குடும்பத்தின் மீது நாட்டம் மக்களிடம் முன்னரே ஓரளவு இருந்தது என்பதும், அதை நிறைவேற்றிக்கொள்ளும் வழிதான் எட்டாதிருந்தது என்பதும் இதனால் தெளிவாயின. அரசாங்கமும் இம்முறையை நாடெங்கும் பின்பற்றி, வீடு தேடிச் செல்லும் குடும்ப நலப் பெண் உதவியாளர்களை இருபதாயிரத்துக்கும் மேலாக நியமித்தது. 1975-இல் ஒரு பெண்ணுக்கு 6.3 ஆக இருந்த சராசரிப் பிள்ளைப்பேறு, 1990-களின் நடுவில் 3.3 அளவுக்கு வந்தது. 2011 முதல் 2022 வரை எடுத்த கணக்குகளில் அது 2.3 ஆகும்.

கருத்தடை ஒன்றே இதைச் சாதித்தது என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதும் இதன் மறுபாதியாகும். வயிற்றுப்போக்கால் நீர் வற்றி மாளும் குழந்தையை, உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் கலந்த நீரைப் புகட்டியே காப்பாற்றலாம் என்பது 1968-இல் டாக்கா ஆய்வுக்கூடத்தாரின் சோதனைகளால் உறுதிப்பட்டது. 1980-க்கும் 1990-க்கும் இடையில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பணிப்பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று தாய்மார்களைத் தங்கள் கையாலேயே கலக்கச் செய்து கற்பித்தனர். (இன்று சரியான அளவில் கலந்த தூள் பொட்டலமாகவே கிடைப்பதால் அதையே பயன்படுத்துவது நல்லது.) மத்லப் பணிப்பெண்களும் கர்ப்பிணிகளுக்கு இரணஜன்னித் தடுப்பூசியும், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் கிடைக்கச் செய்தனர். மேலும், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி குறுகினால் பின்னது இறக்கும் அபாயம் மிகும் என்பதை மத்லப் பதிவேடுகளே காட்டின. ஆகவே பிறப்பைத் தள்ளிப்போடுவதே குழந்தையைக் காப்பதாகவும் அமைந்தது. குழந்தை பிழைக்கும் என்ற உறுதி பெற்ற குடும்பம் ‘போதும்’ என்று சொல்லத் துணிந்தது.

இதே காலத்தில் நம் நாட்டில் வேறொரு வழியும் சோதிக்கப்பட்டது. உலகிலேயே முதன்முதலாக, 1952-இல், குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக ஏற்ற நாடு இந்தியா. ஆயினும் நெருக்கடி நிலையின்போது, 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்யப்பட்டது. அதில் வற்புறுத்தலும் அச்சுறுத்தலும் கலந்திருந்தன. அதன் பயனாக, குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே வட மாநிலக் கிராமங்களில் வெறுப்புக்கு இலக்காயிற்று. அடுத்த ஆண்டு அறுவை செய்துகொள்ள வந்தோர் தொகை பெரிதும் சரிந்தது. இலக்கு எண்ணைக் கொடுத்து அதிகாரிகளை விரட்டுவதற்கும், இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெண் கதவைத் தட்டுவதற்கும் உள்ள வேற்றுமையை விளக்க இதற்கு மேல் சான்று வேண்டுவதில்லை.

இனி ஓர் ஐயம் எழலாம். பிள்ளைப்பேறு இவ்வளவு குறைந்தும், வங்காள தேசத்தின் மக்கள் தொகை 2022-இல் 16 கோடியே 50 இலட்சத்தைத் தாண்டியது எவ்வாறு? நூறு தம்பதிகள் உள்ள ஒரு கிராமத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு பிறந்து நான்கு பிழைத்தால், அடுத்த தலைமுறையில் 400 பேர், அதாவது 200 தம்பதிகள். இவர்கள் ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பேரக் குழந்தைகள் 400 ஆகிவிடுகின்றனர்; தாத்தா பாட்டிகளோ 200 பேர்தாம். முதியோர் சிலராகவும் இளைஞர் பலராகவும் இருக்கும்வரை பிறப்பு இறப்பை விஞ்சிக்கொண்டே இருக்கும். மடையை அடைத்த பின்னும் வாய்க்காலில் உள்ள நீர் சிறிது நேரம் பாய்வதைப் போல, இவ்வளர்ச்சி ஓய இரண்டு தலைமுறைக் காலம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் நிலம் பங்கு பிரிந்துகொண்டேதான் போகும்.

அங்கே தீராத குறைகளும் உண்டு. இருபது முதல் இருபத்து நான்கு வயதுள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமானவர்கள். மேலும், கருத்தடையின் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. பின்னது நமக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் சராசரிப் பிள்ளைப்பேறு 2000-ஆம் ஆண்டையொட்டியே 2.1 அளவுக்கு இறங்கிவிட்டது; இது பெருமைக்குரியதே. ஆனால் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இங்கே திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்ட குடும்பம் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. ஆண்களுக்கான அறுவையோ மிகவும் எளியது. தழும்பில்லாத நவீன முறையில் கத்தி வைத்துக் கீறுவதில்லை, தையலும் இல்லை, அரை மணிக்குள் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். சில நாட்கள் மட்டும் பளுவான வேலையைத் தவிர்க்க வேண்டும். ஏர் பிடிக்கும் வலிமையோ ஆண்மையோ இதனால் குறைவதில்லை. அறுவைக்குப் பின் மூன்று மாதங்கள் வரை வேறு தடுப்பு முறையைக் கையாண்டு, பின்னர் மருத்துவமனையில் ஒரு சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.